உடைக்காமல் உள்ளே பார்க்கும் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுத் தரைக்கு டைல்ஸ் ஒட்டி முடித்த மறுநாள், மேஸ்திரி கரண்டியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அதன் மரப்பிடியால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போனார். 'டக், டக்' என்று போய்க்கொண்டிருந்த சத்தம் சமையலறை வாசலருகே 'டொப்' என்று மாறியது. "இது உள்ள காலியா இருக்கு தம்பி. பெயர்த்துட்டுத் திரும்ப ஒட்டணும்" என்றார். நான் குனிந்து பார்த்தேன். அந்த டைலுக்கும் பக்கத்து டைலுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பெயர்த்து எடுத்தபோதுதான், அடியில் பாதி இடத்தில் சிமென்ட் கலவையே படாமல் இருந்தது தெரிந்தது.

அப்போது நான் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி செய்த வேலைக்கு 'நான் டிஸ்ட்ரக்டிவ் டெஸ்டிங்' என்று ஒரு பெரிய பெயர் உண்டு என்பதோ, அதற்கான சாஃப்ட்வேர் எழுதித்தான் நான் சம்பளம் வாங்கப்போகிறேன் என்பதோ அன்று எனக்குத் தெரியாது. சுருக்கமாக என்.டி.டி. என்பார்கள். ஒரு பொருளை வெட்டாமல், உடைக்காமல், அதன் உள்ளே குறை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கலை. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதைப் போலத்தான். இங்கே நோயாளி விமான இறக்கையாக இருக்கலாம், காற்றாலையின் பிளேடாகவும் இருக்கலாம்.

காம்போசிட் என்றால் என்ன?

பிளைவுட் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய மரத்தாள்களைப் பசை தடவி அடுக்கி அழுத்தினால் பிளைவுட். மரத்தாளுக்குப் பதில் கார்பன் இழைகளையும், பசைக்குப் பதில் எபாக்ஸி ரெசினையும் வைத்தால் கார்பன் ஃபைபர் காம்போசிட். ஒரு அடுக்கின் தடிமன் சுமார் 0.2 மி.மீ. அப்படி 30 அடுக்குகளைச் சேர்த்தால் 6 மி.மீ. தகடு கிடைக்கும். அடுக்கியதை ஆட்டோகிளேவ் என்ற பெரிய பிரஷர் குக்கருக்குள் வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக வைப்பார்கள்.

அலுமினியத்தை விட எடை குறைவு, வலிமை அதிகம், துருவும் பிடிக்காது. அதனால்தான் 2009-இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 787 விமானத்தின் கட்டுமான எடையில் ஏறக்குறைய பாதி காம்போசிட். ஏர்பஸ் ஏ350-இல் 53 சதவீதம். நம் நாட்டின் தேஜஸ் போர் விமானத்திலும் சுமார் 45 சதவீதம்.

சிக்கல் எங்கே என்றால், இது உடையும் விதத்தில்தான். விமானத்தின் அலுமினியப் பரப்பில் ஸ்பேனர் விழுந்தால் பள்ளம் விழும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். கார்பன் தகட்டின் மேல் விழுந்தால் மேற்பரப்பு பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். மேலே ஒரு சின்ன வடு, சில சமயம் அதுவும் இருக்காது. ஆனால் உள்ளே அடுக்குகள் ஒன்றை விட்டு ஒன்று பிரிந்திருக்கும். அடிபட்ட இடத்தில் சிறியதாகத் தொடங்கி, பின்பக்கம் போகப் போக அகன்றுகொண்டே போகும். இதற்கு டிலாமினேஷன் என்று பெயர். அடிபடாமலேயே வரும் குறைகளும் உண்டு. தயாரிப்பின்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழ்கள், உரிக்க மறந்துபோன பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளின் ஒரு துண்டு, மடிப்பு விழுந்த இழை என்று நீளும் பட்டியல் அது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

மேஸ்திரியின் வித்தையை நீங்களே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச சா஫்ட்வேரை டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். வீட்டில் 'டொப்' என்று கேட்கும் டைல் ஒன்றைத் தேடுங்கள். பழைய வீடு என்றால் நிச்சயம் ஒன்றாவது அகப்படும்! மைக்கைத் தரைக்கு அருகில் வைத்து, ரெக்கார்டு பட்டனை அழுத்தி, ஒரு நாணயத்தின் விளிம்பால் நல்ல டைலை ஐந்து முறை தட்டுங்கள். பிறகு அதே தூரத்தில் மைக்கை வைத்து, காலி டைலை ஐந்து முறை தட்டுங்கள். இப்போது ஒரு தட்டலை மட்டும் மவுஸால் செலக்ட் செய்து, அனலைஸ் மெனுவில் ப்ளாட் ஸ்பெக்ட்ரம் கொடுங்கள். நல்ல டைலின் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். காலி டைலில் குறைந்த அதிர்வெண் பகுதியில் ஒரு மேடு உயர்ந்து நிற்கும், சத்தமும் சற்று நீளும். அடியில் பிடிப்பு இல்லாத டைல் மேளத்தின் தோல் போல அதிர்வதே காரணம்.

ஒரு எச்சரிக்கை. லேப்டாப் மைக்கில் இரைச்சலைக் குறைக்கும் வசதி ஆன் ஆகியிருந்தால், 'டக்' சத்தத்தையே அது இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். சவுண்ட் செட்டிங்ஸில் போய் அதை முதலில் ஆஃப் செய்துவிடுங்கள். இந்த எச்சரிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் என் மானம் போன இடத்தில் இது திரும்ப வரும்.

விமானப் பராமரிப்பிலும் இதே தட்டும் முறை இன்றும் இருக்கிறது. நாணயத்தாலோ சின்னச் சுத்தியாலோ தட்டிக் காதால் கேட்பார்கள். இதற்கென்றே தட்டி அளக்கும் மின்னணுக் கருவிகளும் உள்ளன. மேலோட்டமாக இருக்கும் பிரிவுகளுக்கு இது நல்ல முறை. ஆழத்தில் இருக்கும் குறைக்கு இது உதவாது. குறைக்கு மேலே உள்ள பகுதி தடிமனாக ஆக ஆக அது விறைப்பாகிவிடும். சத்தத்தில் வித்தியாசம் கேட்காது.

கியூபா கடற்கரையில் காணாமல் போன ரடர்

2005 மார்ச் 6. கியூபாவின் வரடேரோ விமான நிலையத்திலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்கு ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ310 விமானம் 271 பேருடன் புறப்பட்டது. சுமார் 35,000 அடி உயரத்தில் 'டமார்' என்று ஒரு சத்தம். விமானம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. விமானிகள் உயரத்தைக் குறைத்து, மீண்டும் வரடேரோவிலேயே பத்திரமாக இறக்கினார்கள். இறங்கிப் பார்த்தால் வாலில் ரடரைக் காணவில்லை. விமானத்தை இடம் வலமாகத் திருப்ப உதவும் அந்தப் பெரிய பலகை, அடிப்பகுதியில் சில துண்டுகளை மட்டும் விட்டுவிட்டு வானத்திலேயே கழன்று போயிருந்தது.

அந்த ரடர் சாண்ட்விச் வகையைச் சேர்ந்தது. இரண்டு மெல்லிய காம்போசிட் தோல்களுக்கு நடுவே தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட அடைப்பு. தோலும் தேன்கூடும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். சம்பவத்திற்குப் பின், அதே வகை ரடர் உள்ள விமானங்களை எல்லாம் கண்ணால் பார்த்தும், வெளியே தட்டியும் சோதிக்கச் சொன்னார்கள்.

அதே ஆண்டு நவம்பரில், ஃபெட்எக்ஸ் நிறுவனத்தின் ஏ300-600 விமானம் ஒன்றின் ரடர் பராமரிப்பு வேலையின்போது அடிபட்டது. அடிபட்ட இடத்தை ஆராய அதைத் தயாரிப்பாளரிடம் அனுப்பினார்கள். அங்கே எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. அடிக்குச் சம்பந்தமில்லாத வேறு ஒரு பெரிய பகுதியில், உட்பக்கத் தோல் தேன்கூட்டை விட்டுப் பிரிந்திருந்தது. அந்த இடத்தில் ஹைட்ராலிக் எண்ணெயின் தடயமும் இருந்தது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2006 மார்ச்சில் அவசரப் பரிந்துரை வெளியிட்டது. வெளிப்பரப்பில் தட்டினால் உட்பக்கத் தோலின் பிரிவு தெரிய வாய்ப்பில்லை, பறக்கும்போது அந்தப் பிரிவு மேலும் பரவக்கூடும் என்று அது எச்சரித்தது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். தேன்கூட்டு அறைகளில் அடைபட்ட காற்று தோலை வெளியே தள்ளும். இறங்கினால் மறுபடி அமுங்கும். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு முறை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

ஏர் டிரான்சாட் விமானத்தை விசாரித்த கனடா வாரியமும், காம்போசிட் ரடர்களுக்கு இருந்த சோதனைத் திட்டம் இத்தகைய குறைகளை உரிய காலத்தில் கண்டுபிடிக்கப் போதுமானதாக இல்லை என்றே எழுதியது. சோதனையே செய்யவில்லை என்பது இங்கே பிரச்சினை இல்லை. சோதனை இருந்தது, அதன் காது அந்த இடம்வரை எட்டவில்லை.

5 மெகாஹெர்ட்ஸ் தட்டல்

காது எட்டாத இடத்திற்கு அல்ட்ராசவுண்ட். ப்ரோப் எனப்படும் சின்னக் கருவியில் உள்ள பீசோ படிகம், மின்துடிப்பு கொடுத்ததும் அதிரும். காம்போசிட் தகடுகளுக்குப் பெரும்பாலும் 5 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 லட்சம் அதிர்வுகள். ஆடாசிட்டியில் நீங்கள் பதிவு செய்த சத்தம் விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டது. எங்கள் கார்டு விநாடிக்கு 10 கோடி முறை அளக்கிறது.

ஒலி கார்பன் தகட்டின் குறுக்கே விநாடிக்கு சுமார் 3,000 மீட்டர் வேகத்தில் போகும். 6 மி.மீ. தகட்டின் அடிவரை போய்த் திரும்பி வர 12 மி.மீ. பயணம், 4 மைக்ரோ விநாடி. வழியில் 2 மி.மீ. ஆழத்தில் அடுக்குகள் பிரிந்திருந்தால், அந்த மெல்லிய காற்று இடைவெளியே ஒலி முழுவதையும் ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்பிவிடும். எதிரொலி 1.3 மைக்ரோ விநாடியிலேயே வந்துவிடும். எதிரொலி வந்த நேரம் குறையின் ஆழத்தைச் சொல்லிவிடுகிறது. இதே காரணத்தால்தான் ப்ரோபுக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீர் விடுகிறார்கள். அங்கே காற்று இருந்தால் ஒலி உள்ளேயே போகாது.

ஒரு புள்ளியில் கிடைக்கும் எதிரொலிக் கோட்டிற்கு ஏ-ஸ்கேன் என்று பெயர். ஈ.சி.ஜி. தாள் போல இருக்கும். ப்ரோபைத் தகடு முழுக்க நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியின் ஏ-ஸ்கேனிலிருந்தும் ஒரே ஒரு எண்ணை எடுத்து நிறமாக மாற்றி வரைந்தால் சி-ஸ்கேன். மேலிருந்து பார்க்கும் வரைபடம் அது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மீட்டருக்கு 1 மீட்டர் பேனல், 1 மி.மீ. இடைவெளியில் 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் 1,000 அளவீடு, அளவீட்டுக்கு ஒரு பைட். ஒரு பேனலுக்கு 2 ஜி.பி. டேட்டா! ஆனால் இன்ஸ்பெக்டர் பெரும்பாலும் பார்ப்பது 20 லட்சம் பிக்ஸல் கொண்ட ஒரு வண்ணப் படத்தை மட்டுமே. ஆயிரத்தில் ஒரு பங்கு. மற்றதை அவருக்குப் பதிலாக சாஃப்ட்வேர் பார்த்து முடிவு செய்துவிடுகிறது.

வேறு முறைகளும் உண்டு. பளிச்சென்று ஃபிளாஷ் அடித்துச் சூடாக்கி, இன்ஃப்ராரெட் கேமராவில் எந்த இடம் மெதுவாக ஆறுகிறது என்று பார்ப்பது தெர்மோகிராஃபி. தேன்கூட்டுக்குள் புகுந்த தண்ணீரை எக்ஸ்ரே நன்றாகக் காட்டும். தட்டையாகப் பிரிந்த அடுக்கை அது எளிதில் காட்டாது. ஒன்று பார்ப்பதை இன்னொன்று பார்க்காது.

எல்லாம் பதிவாகியிருந்தது

பொருளே எழுப்பும் சத்தத்தைக் கேட்பதும் ஒரு முறை. இழைகள் அறும்போதும், அடுக்குகள் பிரியும்போதும் உள்ளிருந்து ஒலி வரும். டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்க ஆட்களை ஏற்றிச் சென்ற டைட்டன் நீர்மூழ்கி இந்த முறையைத்தான் பெரிதும் நம்பியது. அதன் உருளை உடல் சுமார் 5 அங்குலத் தடிமன் கொண்ட கார்பன் ஃபைபர்.

அந்த நிறுவனத்தில் பணிபுரிந்த டேவிட் லாக்ரிட்ஜ் 2018-இலேயே, உடலை முதலில் என்.டி.டி. ஸ்கேன் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பணியிலிருந்து நீக்கப்பட்டார். ஒலி கேட்கும் கருவி, உடல் நொறுங்குவதற்கு சில மில்லி விநாடிகள் முன்புதான் எச்சரிக்கக்கூடும் என்பது நீதிமன்றத்தில் அவர் தரப்பு வாதம். பிறகு அந்த உடலில் விரிசல் விழுந்து, புதிய உடல் செய்யப்பட்டது. 2022 ஜூலை 15 அன்று 80-வது பயணத்தில் மேலே வரும்போது ஒரு பெரிய சத்தம் கேட்டது. அதன் பிறகு உடலில் ஒட்டியிருந்த சென்சார்களின் அளவீடுகளும் மாறின. ஆனாலும் டைட்டன் மீண்டும் கடலில் இறங்கியது. 2023 ஜூன் 18 அன்று நொறுங்கி ஐந்து பேரும் இறந்தார்கள்.

2025-இல் வெளியான அமெரிக்க வாரியத்தின் இறுதி அறிக்கை என்னைத் தூங்கவிடவில்லை. கருவி வேலை செய்திருக்கிறது. டேட்டா பதிவாகியிருக்கிறது. அதை நிறுவனம் அலசிய விதம் தவறாக இருந்ததால், 80-வது பயணத்துடனேயே டைட்டனை நிறுத்தியிருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை என்கிறது அறிக்கை.

டேட்டாவைத் தவறாகப் படித்தார்கள் என்று சொல்ல எனக்குப் பெரிய தகுதி இல்லை. என் கதையைக் கேளுங்கள்.

அழகான படம்

வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. எங்கள் சி-ஸ்கேன் படத்தில் ஆங்காங்கே புள்ளி புள்ளியாக இருக்கிறது, வாடிக்கையாளருக்குக் காட்ட நன்றாக இல்லை என்று புகார் வந்தது. நான் ஒரு மீடியன் ஃபில்டர் எழுதிச் சேர்த்தேன். ஒவ்வொரு பிக்ஸலையும் சுற்றி 5க்கு 5 கட்டம் போட்டு, அந்த 25 எண்களையும் வரிசைப்படுத்தி, நடுவில் உள்ள எண்ணை வைத்துவிடும். புள்ளிகள் எல்லாம் மாயமாய் மறைந்தன. படம் பட்டுப் போல இருந்தது. மேனேஜரிடமிருந்து பாராட்டு மெயில் கூட வந்தது.

சோதிக்காமல் ஒன்றும் அனுப்பவில்லை. உள்ளே வேண்டுமென்றே டெஃப்லான் துண்டுகளைப் புதைத்துச் செய்த ரெஃபரன்ஸ் பேனல் ஒன்று உண்டு. அதில் மிகச் சிறிய துண்டு 6 மி.மீ. சதுரம். 1 மி.மீ. இடைவெளியில் ஸ்கேன் செய்தேன். மூலைகள் சற்று மழுங்கின; எல்லாத் துண்டுகளும் தெரிந்தன.

பத்தொன்பது நாள் கழித்து வாடிக்கையாளர் தரப்பிலிருந்து போன். முப்பது வருடமாக அல்ட்ராசவுண்ட் பார்ப்பவர், லெவல் 2 இன்ஸ்பெக்டர். "தம்பி, படம் ரொம்ப அழகா இருக்கு. ஆனா கடைசி வரிசையில நாலு இருக்கணும். எங்க போச்சு?"

"ப்ரோப் தேஞ்சிருக்கும் சார். தண்ணி சரியா வருதான்னு பாருங்க" என்றேன். சாஃப்ட்வேர்காரர்களின் முதல் பதில் எப்போதும் ஹார்ட்வேர் மேல்தான் இருக்கும்.

அவர் கோபப்படவில்லை. "அந்த எடத்துல கர்சர வெச்சு ஏ-ஸ்கேன் பார்த்துட்டேன் தம்பி. எதிரொலி நல்லா நிக்குது. சிக்னல் இருக்கு, படத்துலதான் இல்ல."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. என்ன நடந்தது என்றால், அவர்கள் நேரத்தை மிச்சப்படுத்த உற்பத்திப் பேனல்களை 2 மி.மீ. இடைவெளியில் ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். அப்போது 6 மி.மீ. குறை என்பது 3க்கு 3, வெறும் 9 பிக்ஸல். என் 25 கட்ட ஃபில்டரில் நடு எண்ணாக வர குறைந்தது 13 பேர் வேண்டும். ஒன்பது பேர் ஓட்டுப் போட்டால் தோல்விதான். குறை ஒரு பிக்ஸல் கூட மிஞ்சாமல் துடைக்கப்பட்டது. மற்றவர்கள் ரெஃபரன்ஸ் பேனலை வழக்கம்போல் 1 மி.மீ.யில் ஓட்டியதால் யாருக்கும் தெரியவில்லை. இவர் மட்டும், "உற்பத்திக்கு என்ன செட்டிங்கோ, ரெஃபரன்ஸுக்கும் அதேதான்" என்று 2 மி.மீ.யில் ஓட்டியிருக்கிறார்.

இதையும் நீங்கள் வீட்டில் பார்க்கலாம். ஜிம்ப் சாஃப்ட்வேரில் வெள்ளைப் படத்தின் மேல் 3க்கு 3 பிக்ஸல் கறுப்புக் கட்டம் ஒன்றும், 6க்கு 6 கட்டம் ஒன்றும் வரையுங்கள். ஃபில்டர்ஸ் மெனுவில் பிளர், அதில் மீடியன் பிளர். நெய்பர்ஹுட் ஸ்கொயர், ரேடியஸ் 2 கொடுங்கள். பெரியது மூலை மழுங்கி நிற்கும். சிறியது இருந்த இடம் தெரியாது.

அந்தப் பத்தொன்பது நாளில் 43 பேனல்கள் என் அழகான படத்தைப் பார்த்துத் தேறியிருந்தன. நல்லவேளை, ஏ-ஸ்கேன் டேட்டாவை அழிக்காமல் வைக்க வேண்டும் என்று எனக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் பிடிவாதமாக எழுதி வைத்திருந்தார். ஹார்ட் டிஸ்க் இடத்தை அடைக்கிறது என்று நானே அதைக் கேலி செய்திருக்கிறேன். அன்று இரவு அலுவலகத்திலேயே உட்கார்ந்து, ஃபில்டர் இல்லாமல் 43 பைல்களையும் மறுபடி ஓட்டினேன். விடிகாலை நான்கு மணிக்கு இரண்டு பேனல்களில் சந்தேகப் புள்ளிகள் வந்தன.

ஒன்றை மறு ஸ்கேன் செய்தபோது சுத்தமாக இருந்தது. முதல் முறை தண்ணீரில் குமிழ் மாட்டியிருக்க வேண்டும். மற்றொன்று நிஜம். விளிம்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில், 3 மி.மீ. ஆழத்தில், கிட்டத்தட்ட 6 மி.மீ. அளவில். உரிக்காமல் விட்ட பிளாஸ்டிக் தாளின் துண்டாக இருக்கலாம் என்றார் அந்த இன்ஸ்பெக்டர். பேனல் ஸ்டோரில்தான் இருந்தது; எதிலும் பொருத்தப்படவில்லை. சிவப்பு அட்டை கட்டித் தனியே எடுத்து வைத்தார்கள். போனில் அவர் அதைச் சொன்ன பிறகுதான் நான் காலை டிபன் சாப்பிடப் போனேன்.

இப்போதுள்ள வெர்ஷனில் ஃபில்டர் ஆஃப் ஆகித்தான் வரும். ஆன் செய்தால், எந்த அளவுக்குக் குறைவான குறைகள் இந்த ஸ்கேன் இடைவெளியில் மறையும் என்று மி.மீ. கணக்கில் சொல்லும் ஒரு மஞ்சள் பட்டை திரையின் மேலே நிற்கும். மூட முடியாது. ஃபில்டரோடு எடுத்த படத்தை வைத்து ரிப்போர்ட் பிரிண்ட் செய்யவும் முடியாது. அந்தப் பட்டை கண்ணை உறுத்துகிறது, சின்னதாக்கித் தாருங்கள் என்று அதே இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கேட்டுவிட்டார். "மன்னிச்சுக்குங்க சார், அது மட்டும் முடியாது" என்று சொல்லியிருக்கிறேன்.